சதுர அடியும் கன அடியும்

சென்ற மாதம் பழைய மகாபலிபுரம் சாலையில் கட்டடம் வைத்திருக்கும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஆறு மாடிக் கட்டடம். அதில் நான்கு தளங்களை எடுத்திருந்த மென்பொருள் நிறுவனம் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. உயிரறிவியல் நிறுவனங்கள் ஆய்வகத்துக்கு இடம் தேடிக்கொண்டிருக்கின்றன, ஐ.டி. நிறுவனங்களைவிடக் கூடுதல் வாடகை தருவார்கள், ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் எளிதில் வெளியேற மாட்டார்கள் என்று தரகர் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். "நீங்கள் லேப் ஏசி வேலை பார்ப்பவர் என்று சொன்னார்கள். கட்டடம் புதுசு சார். இருக்கிற ஏசியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் போதாதா?" என்று கேட்டார்.

தரகர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆய்வகத்துக்கு வாடகை கூடுதல்தான். உள்ளே வந்தவர்கள் எளிதில் வெளியேறுவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால், அந்தக் கூடுதல் வாடகை எதற்காகத் தரப்படுகிறது என்பதைத் தரகர் சொல்லவில்லை. அது அவருடைய வேலையும் இல்லை. இருபது ஆண்டுகளாக ஆய்வகங்களுக்கும் மருந்து ஆலைகளுக்கும் குளிரூட்டலும் காற்றோட்டமும் வடிவமைத்து வருபவன் என்ற முறையில், அவரிடம் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குவதே நல்லது. ஆயிரம் சதுர அடி அலுவலக அறையைச் சென்னையில் குளிர்விக்க ஐந்து அல்லது ஆறு டன் போதும். அந்த அறையின் காற்றில் பெரும்பகுதி திரும்பத் திரும்பக் குளிர்விக்கப்படும் பழைய காற்றுதான். ஆட்கள் மூச்சு விடுவதற்காக வெளியிலிருந்து எடுப்பது ஒரு சிறு பங்கு. ஆய்வகத்தில் இந்த வழக்கம் செல்லாது. கரைப்பான்களின் ஆவியும் நுண்ணுயிர்களும் கலந்திருக்கக்கூடிய காற்றை மீண்டும் அறைக்குள் அனுப்ப முடியாது என்பதால், உள்ளே வரும் காற்று முழுவதும் வெளிக்காற்றாக இருக்க வேண்டும். ஒருமுறை சுற்றியதும் அது முழுவதும் மொட்டை மாடி வழியாக வெளியே போய்விட வேண்டும். அறையின் காற்று மணிக்கு ஆறு முதல் பத்து தடவை வரை முழுமையாக மாற வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. வேதியியல் ஆய்வகம் என்றால் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் என்ற கண்ணாடிக் கதவு வைத்த பெட்டிகள் இருக்கும். ஆறடி அகலமுள்ள ஒரு பெட்டியின் கதவை ஒன்றரை அடி உயர்த்தினால், அதன் வழியே நிமிடத்துக்கு நூறு அடி வேகத்தில் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். அதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 கன அடி காற்று ஆகும். நான்கு பெட்டிகள் இருந்தால் 3,200 கன அடி.

சென்னைக் காற்று சும்மா வருவதில்லை. தண்ணீரைச் சுமந்துகொண்டு வருகிறது. மே மாதத்தில் இங்குள்ள வெளிக்காற்று ஆயிரம் கன அடியை, நிமிடம் தோறும், ஆய்வகத்துக்கு ஏற்ற அளவு குளிர்வித்து ஈரத்தையும் பிழிந்து எடுக்க ஏறத்தாழ ஆறு டன் தேவைப்படும். அதாவது, ஆயிரம் சதுர அடி அலுவலகத்துக்குத் தேவையான குளிரூட்டல் முழுவதும் ஆயிரம் கன அடி வெளிக்காற்றுக்கே போய்விடுகிறது. அதே ஆயிரம் சதுர அடியில் நான்கு பெட்டிகளை வைத்தால் காற்றுக்கு மட்டும் இருபது டன். கருவிகள் உமிழும் வெப்பமும் விளக்கின் வெப்பமும் அதற்கு மேல். இது பகல் நேரக் கணக்கும் அல்ல. அலுவலகத்தில் ஆறு மணிக்கு மேல் ஏசியை நிறுத்திவிடலாம். ஆய்வகத்தில் இரவில் காற்றைக் குறைக்கலாமே தவிர நிறுத்த முடியாது. அந்தக் கட்டட உரிமையாளர் வாடகையைச் சதுர அடியில் பேசினார். அவரிடம் குடிவரப்போகிறவர் செலவைக் கன அடியில் கணக்கிடுவார். இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றாலும், பேசுவது வேறு வேறு பொருள்.

இத்தனை காற்றும் போக வர வழி வேண்டும். இங்கேதான் புதிய கட்டடம் என்ற பெருமை உதவாமல் போகிறது. மென்பொருள் நிறுவனத்துக்காகக் கட்டிய கட்டடத்தில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே பன்னிரண்டு அடி இருக்கும். அதில் உத்தரம் இரண்டு அடியை எடுத்துக்கொள்ளும். ஆய்வகத்துக்குப் பதினான்கு முதல் பதினாறு அடி வரை கேட்போம். டக்ட் என்ற காற்றுக் குழாய், தண்ணீர்க் குழாய், வாயுக் குழாய், கழிவுக் குழாய், மின்தடம், தீயணைப்புக் குழாய் என்று எல்லாமும் ஒன்றையொன்று தாண்டி ஓடுவது கூரைக்கும் பொய்க் கூரைக்கும் இடைப்பட்ட அந்த இடைவெளியில்தான். அடுத்தது ஷாஃப்ட். ஒவ்வொரு தளத்திலிருந்தும் கழிவுக் காற்று மொட்டை மாடிக்கு ஏற செங்குத்தான பாதை வேண்டும். அலுவலகக் கட்டடத்தில் அது இருப்பதில்லை, பின்னால் உருவாக்குவதென்றால் தளத்தை வெட்ட வேண்டும். எடை தாங்கும் திறன் அலுவலகத் தளத்தைப் போல இரு மடங்காவது வேண்டும். அதிர்வும் ஒரு தொல்லை. பக்கத்து அறையில் ஒருவர் நடந்தால் நுண்ணோக்கியில் படம் ஆடும்.

மாடி உயரத்தைப் பற்றி ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பெரும்பாலானவர்கள் கட்டி முடித்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள். எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களை எந்த மாடியில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு அமெரிக்கக் கட்டட விதிகளில் ஒரு படிக்கட்டுக் கணக்கு இருக்கிறது. தரைத்தளத்தில் வைக்கக்கூடிய அளவை நூறு என்று கொண்டால், அதற்கு மேல் தளத்தில் எழுபத்தைந்து, அதற்கும் மேலே ஐம்பது, அதன் பிறகு வரும் மூன்று தளங்களில் பன்னிரண்டரை, அதற்கு மேல் ஐந்து. தீயணைப்பவர்கள் ஏணி வைத்து ஏறிப் போராட வேண்டிய உயரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது. இங்கே ஆய்வகம் அமைக்க வரும் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் உள்விதிகளில் இதையே பின்பற்றச் சொல்கின்றன. ஆகவே ஆறாவது மாடியை ஒரு வேதியியல் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணுகிறவர், அந்த நிறுவனம் ஒரு வாரத்துக்குத் தேவையான கரைப்பானைக்கூட அங்கே வைக்க முடியாமல் போகலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உயிரணு வளர்ப்பு, மரபணு வரிசை படிப்பது போன்ற வேலைகளுக்கு மேல் மாடி பொருந்தும். ஆய்வகம் என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி நாலைந்து வகைக் குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள்.

நானே செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, இதே சாலையில் கடலுக்குச் சற்று அருகில், ஓர் அலுவலகக் கட்டடத்தின் மூன்றாவது தளத்தை ஒரு சிறு நிறுவனத்துக்கு ஆய்வகமாக மாற்றிக் கொடுத்தோம். ஷாஃப்ட் இல்லாததால் டக்டுகளைப் பின்சுவரின் வெளிப்புறமாக ஏற்றினோம். மொட்டை மாடியில் கழிவுக் காற்றை வெளியேற்றும் விசிறிகளைக் கிழக்கு ஓரத்திலும், புதுக்காற்றை உள்ளே இழுக்கும் ஏ.எச்.யூ.வை மேற்கு ஓரத்திலும் வைத்தோம். நான் இடத்தைப் பார்க்கப் போனதெல்லாம் காலை வேளையில். மேற்கிலிருந்து அனல்காற்று வீசிக்கொண்டிருக்கும். கழிவுக் காற்று கடல் பக்கம் போய்விடும் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. ஒப்படைப்பதற்கு முந்தைய நாள், எங்கள் மேற்பார்வையாளர் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வொரு பெட்டியின் வாயிலிலும் பிடித்துக் காட்டினார். புகை நூல் போல நேராக உள்ளே போயிற்று. கைகுலுக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து அழைப்பு வந்தது. மதியம் ஆனால் அறை முழுவதும் எத்தில் அசிடேட் என்ற கரைப்பானின் வாடை அடிக்கிறது என்றார்கள். காலையில் போய்ப் பார்த்தேன், வாடை இல்லை. பெட்டிகளின் காற்று வேகத்தை அளந்தேன், சரியாகவே இருந்தது. வேலை பார்ப்பவர்கள் எங்காவது குப்பியைத் திறந்து வைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. மூன்றாவது முறை அழைத்தபோது மதியச் சாப்பாட்டு நேரத்தில் போக நேர்ந்தது. மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தபோதே, ஒன்றரை மணி சுமாருக்கு, வெயிலின் கடுமை சட்டென்று தணிந்து முகத்தில் ஈரக்காற்று பட்டது. சென்னையில் பிறந்து வளர்ந்த எவரும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கடற்காற்றுதான். கிழக்கிலிருந்து வந்த அந்தக் காற்று, விசிறிகள் துப்பியதை அப்படியே வாரிக்கொண்டு போய் ஏ.எச்.யூ.வின் வாயில் ஊட்டியது. ஊதுபத்தியை விசிறியின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். புகை மாடித் தரையோடு தவழ்ந்து மேற்கே போயிற்று.

கழிவுக் காற்றுக் குழாயை மாடித் தரையிலிருந்து குறைந்தது பத்தடி உயர்த்தி, நிமிடத்துக்கு மூவாயிரம் அடி வேகத்தில் மேலே பீய்ச்ச வேண்டும் என்பது பாடநூல் விதி. பத்தடி உயர்த்தினால் கட்டடத்தின் முகப்பு கெட்டுவிடும் என்று உரிமையாளர் மறுத்ததும், நான் ஆறடிக்கு ஒத்துக்கொண்டதும், காற்று எப்படியும் கடலுக்குத்தான் போகிறது என்ற துணிச்சலில் நடந்தவை. பிறகு பத்தடியாக உயர்த்த முயன்றபோதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. மொட்டை மாடியின் அந்தப் பகுதியைப் பயன்படுத்தும் உரிமை, பத்திரத்தின்படி, நான்காவது தளத்தை வாங்கியவருக்கு இருந்தது. குழாயை உயர்த்த மூன்று மாதமும் ஒரு வழக்கறிஞரும் தேவைப்பட்டார்கள். அதிலிருந்து, ஆய்வகம் வேண்டும் என்று யார் வந்தாலும் தளத்தைப் பார்ப்பதற்கு முன்பாக மொட்டை மாடி யாருடையது என்று கேட்டுவிடுவேன்.

இனி ஊர்க் கதை. உயிரறிவியலுக்கான நிலத்தையும் கட்டடத்தையும் திட்டமிட்டு வளர்த்த இடம் என்று இந்தியாவில் ஒன்றைச் சுட்டச் சொன்னால் ஹைதராபாதைத்தான் சுட்டுவேன். நகரின் வடக்கே ஷாமீர்பேட்டை, துர்க்கபள்ளி சுற்றுவட்டாரத்தை 1999-இல் ஜீனோம் வேலி என்று அன்றைய ஆந்திர அரசு அறிவித்தது. ஆனால், அறிவிப்பினால் தொழில் வந்தது என்று எண்ணுவது பிழை. 1961-இல் தொடங்கப்பட்ட ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து நிறுவனத்தின் ஆலை ஹைதராபாதில் இருந்தது. அங்கே வேலை கற்றுக்கொண்டவர்கள் வெளியே வந்து சொந்த மருந்து நிறுவனங்களைத் தொடங்கினார்கள். 1984-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டியும் ஐ.டி.பி.எல்.லில் பணியாற்றியவர்தான். சி.சி.எம்.பி., ஐ.ஐ.சி.டி. என்ற இரண்டு மத்திய ஆய்வு நிறுவனங்களும் அங்கேயே இருந்தன. மரபணு மறுசேர்க்கை முறையில் இந்தியாவில் உருவான முதல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 1997-இல் சாந்தா பயோடெக்னிக்ஸ் வெளியிட்டது. திருத்தணிப் பக்கத்தைச் சேர்ந்த கிருஷ்ணா எல்லா பாரத் பயோடெக்கை 1996-இலேயே தொடங்கியிருந்தார். எல்லாம் அறிவிப்புக்கு முந்தையவை. வேலை தெரிந்த ஆட்கள் இருந்த இடத்தில்தான் அரசு எல்லைக்கோடு வரைந்தது. அந்தக் கோடு வேண்டாத வேலை என்று சொல்லவரவில்லை. ஆய்வுக்கென ஒதுக்கிய நிலத்தை அடுக்குமாடி வீடுகளிடமிருந்து காப்பாற்றியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

ரியல் எஸ்டேட் கண்ணோடு பார்த்தால், ஜீனோம் வேலியில் நடந்த உருப்படியான காரியம் ஒன்று உண்டு. நிலத்தை விற்பதோடு நிற்காமல், கட்டி முடித்த ஆய்வகத்தை வாடகைக்கும் கொடுத்தார்கள். ஐ.சி.ஐ.சி.ஐ.யும் மாநில அரசும் சேர்ந்து இருநூறு ஏக்கரில் தொடங்கிய ஐ.கே.பி. நாலெட்ஜ் பார்க், காற்றோட்டம், கழிவுநீர், மின்சாரம் எல்லாம் தயாராக உள்ள தனித்தனி ஆய்வகக் கூறுகளைக் கட்டி வைத்துக்கொண்டு ஆட்களைத் தேடியது. பணத்தை நிலத்திலும் கட்டடத்திலும் முடக்க விரும்பாத நிறுவனம் அங்கே நேரே மேசையைப் போட்டு வேலையைத் தொடங்கலாம். ஆய்வகக் கட்டடத்தையே தொழிலாகக் கொண்ட அமெரிக்காவின் அலெக்சாண்ட்ரியா நிறுவனமும் அங்கே கட்டியது. அதன் கட்டடங்கள் பின்னர் எம்.என். பார்க் என்ற பெயருக்கு மாறின. 2021-இல் கனடாவின் இவான்ஹோ கேம்பிரிட்ஜும் சிங்கப்பூரைச் சேர்ந்த லைட்ஹவுஸ் கான்டனும் அங்கே முதலீடு செய்தன. ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் ஒரு கனடிய நிறுவனம் தெலங்கானாவின் காட்டுப்பகுதியில் இருக்கும் ஆய்வகத்துக்குச் சொந்தக்காரராக முன்வருகிறது என்றால், அந்த வாடகை தவறாமல் வரும் என்ற நம்பிக்கை கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது என்று பொருள். அங்கே கட்டடங்கள் இரண்டு மூன்று மாடிக்கு மேல் போகாமல் அகலமாகப் பரந்து கிடப்பதையும் கவனித்திருக்கிறேன். நிலம் மலிவாக இருந்ததால், நான் மேலே சொன்ன படிக்கட்டுக் கணக்கு அவர்களைப் பெரிதாக இடிக்கவில்லை.

அலெக்சாண்ட்ரியா பிறந்து வளர்ந்தது வேறு பின்னணியில். 1994-இல் தொடங்கிய அந்த நிறுவனம், ஆய்வகக் கட்டடத்தையும் அலுவலகம், கடைவீதி போலத் தனி வகைச் சொத்தாக நடத்தலாம் என்று பங்குச் சந்தைக்குக் காட்டியது. அதன் பெரிய களங்களில் ஒன்று பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் நகரம். அந்நகரத்தின் கதையில் எனக்குப் பிடித்த செய்தி, 2002-இல் நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனம் தன் ஆராய்ச்சித் தலைமையகத்தை அங்கே அமைக்க முடிவெடுத்தபோது தேர்ந்தெடுத்தது 1927-இல் கட்டிய ஒரு மிட்டாய் ஆலையை என்பதுதான். கனமான இயந்திரங்களுக்காகக் கட்டிய தளம், உயரமான கூரை, அகலமான தூண் இடைவெளி. ஆய்வகத்துக்கு வேண்டியதெல்லாம் மிட்டாய்க்காரர்கள் முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்கள். அதே ஊரில் எச்சரிக்கைக் கதையும் இருக்கிறது. 2021-இல் காலி ஆய்வகம் என்பதே கிட்டத்தட்ட இல்லாத நிலை. வட்டி மலிவு, முதலீட்டாளர் பணம் தாராளம். அலுவலகம் கட்டிக்கொண்டிருந்த எல்லோரும் ஆய்வகம் கட்டத் தொடங்கினார்கள். வட்டி ஏறியதும் புது நிறுவனங்களுக்கு வரும் பணம் சுருங்கியது. 2024-இல் பாஸ்டன் வட்டாரத்தின் ஆய்வக இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காலியாகக் கிடந்தது. ஆய்வகக் குடித்தனக்காரரில் பலருக்கு விற்க இன்னும் ஒரு பொருளும் கிடையாது என்பதையும், அவர் தரும் வாடகை வேறொருவர் போட்ட முதலீடு என்பதையும் கட்டியவர்கள் மறந்துவிட்டார்கள்.

சென்னைக்கு வருகிறேன். ஆய்வுக்கு இங்கே குறைவே கிடையாது. கிண்டி கிங் நிலையம் 1899-இலிருந்து இருக்கிறது, பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் 1948-இலிருந்து. தரமணியைச் சுற்றி ஐ.ஐ.டி., தோல் ஆராய்ச்சி நிறுவனம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் என்று நடந்தே போய்வரும் தூரத்தில் எத்தனையோ. மென்பொருளுக்கு டைடல் பார்க்கைக் கட்டிய மாநில அரசு நிறுவனமான டிட்கோ, உயிரறிவியலுக்கென டைசல் பூங்காவையும் அதே தரமணியில் கட்டியது. வாடகைக்கு ஆய்வகம் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேரூன்றியது அதனால்தான். சிறுசேரியில் பெண் தொழில்முனைவோருக்கென்றே இருபது ஏக்கரில் ஓர் உயிரித் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. 2010-இல் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா வந்தது. ஒரு மேசை, ஒரு குளிர்ப்பெட்டி, பொதுக் கருவிகள் என்ற அளவில் தொடங்க விரும்புகிறவருக்கு இன்று இந்த ஊரில் வழி இருக்கிறது.

சிக்கல் இரண்டாவது படியில். உயிரித் தொழில்நுட்பத்துக்கு நிதி தரும் மத்திய அரசின் பைராக் அமைப்பிடமிருந்து தொடக்க நிதியாகப் பதினெட்டு மாதத்துக்கு ஐம்பது லட்சம் வரை பெற்று, இருநூறு சதுர அடியில் வேலையைத் தொடங்கிய ஒரு நிறுவனம் ஓரளவு வெற்றி பெற்றால் அடுத்து அதற்குத் தேவைப்படுவது ஐயாயிரம் சதுர அடி. அந்த அளவில், தயாராக, காற்றும் கழிவுநீரும் மின்சாரமும் ஏற்கனவே உள்ள இடம் சென்னையில் தேடினால் கிடைப்பது அரிது. வெறும் தளத்தை எடுத்துத் தானே அமைத்துக்கொள்ளலாம் என்றால், ஆய்வகம் அமைக்கும் செலவு என் அனுபவத்தில் அலுவலகம் அமைப்பதைப் போல மூன்று நான்கு மடங்கு. அந்தப் பணத்தில் பெரும்பகுதி டக்டாகவும், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரமாகவும், சுவருக்குள் ஓடும் குழாயாகவும் வேறொருவர் கட்டடத்தில் புதைந்துவிடும். ஒப்பந்தம் முடிந்தால் கழற்றிக்கொண்டு போக முடியாது. போதாததற்கு, காலி செய்யும்போது இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்ற வழக்கமான அலுவலக நிபந்தனையை அப்படியே நகலெடுத்து ஆய்வக ஒப்பந்தத்திலும் சேர்த்துவிடுகிறார்கள். ஆய்வகத்தைக் கட்டியவனே அதைத் தன் செலவில் இடித்துக் கொடுக்க வேண்டும். அடுத்து வருபவர் அதே இடத்தில் மறுபடி கட்டுவார். இந்தக் கூத்தை இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன்.

அதற்கு மேல் அனுமதிகள். மரபணு மாற்றம் தொடர்பான வேலை என்றால் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனம் தனக்கென உயிரிப் பாதுகாப்புக் குழு அமைத்துப் பதிவு செய்ய வேண்டும்; மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும்; கழிவுநீரைச் சுத்திகரித்து விட வேண்டும். ஒரே கட்டடத்தில் பத்துப் பேர் இருந்தால், சுத்திகரிப்பு நிலையத்தைப் பொதுவாக அமைத்து, யாருடைய குழாயிலிருந்து என்ன வருகிறது என்று தனித்தனியாக மாதிரி எடுக்க வசதி செய்வது கட்டட உரிமையாளர் மட்டுமே செய்யக்கூடிய வேலை. குடித்தனக்காரரால் அதைத் தனியாகச் செய்ய முடியாது. ஆய்வக வாடகையின் கூடுதல் பகுதி இத்தகைய வேலைகளுக்கான விலைதான். தரகர் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

கட்டடம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. குன்னூர், கிண்டி, கசௌலி ஆகிய இடங்களில் இருந்த பொதுத்துறைத் தடுப்பூசி நிலையங்களின் உரிமங்கள், தர விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று 2008-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் தொடர்ச்சியாகச் செங்கல்பட்டு அருகே திருமணியில் நூறு ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒன்றுக்கு 2012-இல் ஒப்புதல் கிடைத்தது. மதிப்பீடு 594 கோடி ரூபாய். எச்.எல்.எல். பயோடெக் என்ற மத்திய அரசு நிறுவனம் கட்டியது. செலவு மதிப்பீட்டைத் தாண்டியது, கூடுதல் நிதிக்கான ஒப்புதல் இழுபட்டது, கட்டடமும் இயந்திரங்களும் பெரும்பாலும் தயாராக இருந்தும் உற்பத்தி தொடங்கவில்லை. 2021 மே மாதம், நாடே தடுப்பூசிக்குத் தவித்த நாட்களில், முதலமைச்சர் ஸ்டாலின் அங்கே நேரில் போய்ப் பார்த்து, வளாகத்தை மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தருமாறு மத்திய அரசைக் கேட்டார்.

அந்தச் செய்தியைப் படித்தபோது என் எண்ணம் அங்குள்ள ஏ.எச்.யூ.க்களிடம்தான் போயிற்று. தூய்மை அறை என்பது பூட்டி வைத்துப் பிறகு திறந்துகொள்ளும் அறையல்ல. காற்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது தூய்மை அறை. நிறுத்தினால் செங்கல்பட்டு ஈரம் வடிகட்டிகளுக்குள் இறங்கும், டக்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். மீண்டும் தொடங்க வேண்டுமென்றால் சுத்தம் செய்து, வடிகட்டிகளை மாற்றி, ஒவ்வோர் அறையாக மறுபடி சோதித்துச் சான்று வாங்க வேண்டும். ஆளில்லாத அறைக்கு ஓட்டிக்கொண்டிருந்தால் மின்கட்டணம், நிறுத்தி வைத்தால் சீரழிவு. அதே மாதங்களில் ஜீனோம் வேலியில் பாரத் பயோடெக்கின் கோவேக்சின் தயாராகிக்கொண்டிருந்தது. அங்கிருந்தது நம்முடையதைவிட மேலான கட்டடம் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. கட்டடத்துக்குள் என்ன செய்வது என்று தெரிந்த ஒரு நிறுவனம் அதற்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வேலையைத் தொடங்கியிருந்தது.

ஆகவே புதிய பூங்கா என்ற அறிவிப்பைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்குப் பெரிய உற்சாகம் வருவதில்லை. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் மூடிக் கிடக்கும் பழைய பட்டறைகளைப் பார்த்தால் வருகிறது. இரண்டு தளத்துக்கு மிகாத கட்டடங்கள், லேத் இயந்திரம் நின்ற தரை, பதினெட்டு அடிக் கூரை, தொழிற்சாலைக்கென ஏற்கனவே இழுத்த உயர் அழுத்த மின்சாரம், லாரி திரும்ப இடம், மொட்டை மாடிக்கு ஒரே உரிமையாளர். நம் ஊர் மிட்டாய் ஆலைகள் இவை. நான்கைந்து பட்டறைகளைச் சேர்த்து, பொதுவான சில்லரும் சுத்திகரிப்பு நிலையமும் அமைத்து, ஐயாயிரம் சதுர அடிக் கூறுகளாகப் பிரித்துக் கொடுத்தால் அந்த இரண்டாவது படி கிடைத்துவிடும். கண்ணாடி முகப்பு இருக்காது. வரைபடத்தில் பார்க்க அழகாகவும் இருக்காது. அதனால்தானோ என்னவோ, இதை எடுத்துச் சொன்ன இரண்டு கூட்டங்களிலும் தேநீர் இடைவேளை சற்று முன்கூட்டியே வந்துவிட்டது.

பழைய மகாபலிபுரம் சாலைக்காரரைச் சென்ற வியாழக்கிழமை நேரில் பார்த்தேன். நான்கு தளங்களையும் மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், முதல் தளத்தை மட்டும் உயிரணு வளர்ப்பு போன்ற கரைப்பான் குறைந்த வேலைக்குக் கொடுங்கள், சில்லரும் ஜெனரேட்டரும் கழிவுநீர்த் தொட்டியும் உங்கள் செலவில் போடுங்கள், அதற்கான விலையை வாடகையில் சேர்த்து ஒன்பது ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையை அடித்துவிடுங்கள் என்றேன். ஒன்பது ஆண்டு என்றதும் முகம் சுருங்கியது. கழிவுநீர்த் தொட்டி என்றதும் தரகரைத் திரும்பிப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். கிளம்பும்போது மொட்டை மாடியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மணி பதினொன்று, மேற்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குத் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு, எதிரே இருந்த மளிகைக் கடையில் ஊதுபத்திப் பொட்டலம் ஒன்று வாங்கினேன்.